வேலையை விட்டுத்தான் தத்துவம் படிக்க வேண்டுமா?

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூத்த பொறியாளராக இருக்கும் வாசகர் ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 36. இத்துறையில் 13 ஆண்டுகள், இப்போதைய நிறுவனத்தில் நான்கு ஆண்டு நான்கு மாதங்கள். கடன் கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு மதிப்பெண் போட்டு, கடன் தரலாமா வேண்டாமா என்று பரிந்துரைக்கும் மென்பொருளை (அவர்கள் பேச்சில் “மாடல்”) அவருடைய குழு பராமரிக்கிறது. குறிப்பிட்ட சில பின்கோடுகளில் வசிப்பவர்களின் விண்ணப்பங்கள், சம்பளமும் பழைய கடனைக் கட்டிய வரலாறும் மற்றவர்களைப் போலவே இருந்தும், அதிகமாக நிராகரிக்கப்படுவதைச் சில மாதங்களுக்கு முன் அவர் கவனித்தார். கூட்டத்தில் அதைச் சொன்னபோது மேலாளர், “மாடலின் துல்லியம் நன்றாகவே இருக்கிறது, தரவு சொல்வதைத்தான் அது சொல்கிறது” என்றார். இவருக்குப் பதில் வரவில்லை. “ஏதோ தவறு என்று நெஞ்சு சொன்னது, ஆனால் என்ன தவறு என்று ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியவில்லை” என்று எழுதியிருக்கிறார். அந்த இரவிலிருந்து தத்துவ நூல்களை வாசிக்கத் தொடங்கியவர், இப்போது வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர எம்.ஏ. தத்துவம் படிக்க நினைக்கிறார். செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதத் தொடங்கிவிட்டதால் இனிச் சிந்திக்கத் தெரிந்தவருக்கே வேலை இருக்கும் என்பதும், வெற்றிபெற்ற தொழில்முனைவோர் பலர் தத்துவம் படித்தவர்கள் என்பதும், பட்டம் இருந்தால்தான் கூட்டத்தில் தன் பேச்சு எடுபடும் என்பதும் அவர் சொல்லும் காரணங்கள். தத்துவத்துக்கும் மென்பொருளுக்கும் தொடர்பே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். வீட்டுக்கடன் தவணை மாதம் 41 ஆயிரம் ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு. உடனிருக்கும் தாயார் சர்க்கரை நோயாளி. செய்தியைக் கேட்டதும், “சாமியாராப் போகப் போறியாப்பா?” என்று அழுதிருக்கிறார். தத்துவம் தன் தொழிலுக்கு உண்மையிலேயே பயன்படுமா அல்லது தான் தப்பித்து ஓடுகிறேனா, வேலையை விடலாமா, பின்கோடு விவகாரத்தை மீண்டும் எப்படி எழுப்புவது என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

நானும் 14 ஆண்டுகள் மென்பொருள் எழுதியவன். 39 வயதில், வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் தத்துவம் படித்து, பின்னர் தொழில் ஆலோசனைக்கு வந்தேன். ஆகையால் உங்கள் கடிதத்தை வெளியிலிருந்து படிக்க என்னால் முடியவில்லை. கூட்டத்தில் நீங்கள் வாயடைத்துப் போனதை உங்கள் குறைபாடாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படிக் காணவில்லை. தவறு கண்ணில் பட்டுவிட்டது, அதைச் சொல்வதற்கான சொற்கள் மட்டும் கையில் இல்லை. தத்துவப் பயிற்சி ஒரு பொறியாளருக்குத் தரும் மிகப் பெரிய உதவி அந்தச் சொற்கள்தான் என்பது என் உறுதியான கருத்து. அதைப் பெறுவதற்கு நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கூட்டத்தில் நீங்கள் கேட்டிருக்கக்கூடியவை

மேலாளர் சொன்ன ஒற்றை வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் “துல்லியம்” என்றொரு சொல் இருக்கிறது. எவரை வைத்து அளந்த துல்லியம் அது? கடன் பெற்றவர்கள் திருப்பிக் கட்டினார்களா இல்லையா என்பது உங்கள் தரவில் இருக்கும். கடன் மறுக்கப்பட்டவர், கொடுத்திருந்தால் கட்டியிருப்பாரா என்பது எந்தத் தரவிலும் இருக்காது, ஏனென்றால் அந்த நிகழ்வே நடக்கவில்லை. ஆக, மாடல் ஒருவரைத் தவறாக நிராகரித்தால் அந்தத் தவறு அதன் மதிப்பெண் பட்டியலில் ஒருபோதும் ஏறாது. ஒரு கூற்று அறிவியல்தன்மை உடையதாக இருக்க வேண்டுமானால், அது பொய்யென்று காட்டப்படக்கூடிய வாய்ப்புக்குத் தன்னைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1934-இல் வாதிட்டார். உங்கள் மாடல் அந்தப் பின்கோடுகளைப் பொறுத்தவரை, தன்னைப் பொய்யாக்கக்கூடிய சான்று உள்ளே வரும் கதவைத் தானே சாத்திக்கொண்டிருக்கிறது. “நிராகரிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் நல்ல கடனாளிகளாக இருந்திருப்பார்கள் என்பதை நாம் எப்படி அறிகிறோம்?” என்ற கேள்வியை அமைதியாகக் கேட்டிருந்தால், கூட்டத்தின் போக்கே மாறியிருக்கும்.

அடுத்தது பின்கோடு. வட்டங்களை வரைந்து கணங்களைக் காட்டும் படத்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தவர் ஜான் வென். அவர் 1866-இல் நிகழ்தகவு பற்றி எழுதிய நூலில் எழுப்பிய ஒரு சிக்கல் உங்கள் மேசைமீது இன்றும் கிடக்கிறது. ஒரு மனிதர் ஒரே சமயத்தில் எண்ணற்ற வகுப்புகளைச் சேர்ந்தவராக இருக்கிறார்: இன்ன வயதினர், இன்ன தொழிலினர், இன்ன தெருவினர், பத்து ஆண்டுகளாக வாடகையைத் தவறாமல் கட்டியவர். ஒவ்வொரு வகுப்பில் வைத்துப் பார்க்கும்போதும் அவருக்கு ஒவ்வொரு நிகழ்தகவு வரும். அவற்றில் எதை “அவருடைய” நிகழ்தகவு என்று கொள்வது என்பதைக் கணிதம் முடிவுசெய்து தராது; அதை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கிறார். பின்கோட்டைத் தேர்ந்தெடுத்தவர் யார், ஏன் என்பது கேட்கத்தக்க கேள்வி. “தரவு சொல்கிறது” என்னும் சொற்றொடர் அந்தத் தேர்வை மறைத்துவிடுகிறது. இருப்பதை விவரிக்கும் வாக்கியங்களிலிருந்து, செய்யவேண்டியதைச் சொல்லும் வாக்கியத்துக்கு இடையில் எதையும் சேர்க்காமல் தாவ முடியாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். கடந்த காலத்தில் அந்தப் பகுதியில் தவணைகள் தவறின என்பது இருப்பது. ஆகவே அங்கு வசிக்கும் இந்தப் பெண்மணிக்குக் கடன் மறுக்க வேண்டும் என்பது செய்யவேண்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கொள்கை முடிவு இருக்கிறது. அதை எடுத்தவர் தன் பெயரில் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

“நியாயமாக நடத்துவது” என்பதும் எளிய சொல்லன்று. அமெரிக்க நீதிமன்றங்களில், குற்றம்சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பை மதிப்பிடப் பயன்பட்ட காம்பஸ் என்ற மென்பொருளைப் பற்றி, ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் 2016-இல் ஆய்வு வெளியிட்டது. ஃப்ளோரிடாவின் ஒரு மாவட்டத்தில், பின்னர் எந்தக் குற்றமும் செய்யாதவர்களுள், அபாயமானவர் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட கறுப்பினத்தவர் 44.9 விழுக்காடு, வெள்ளையர் 23.5 விழுக்காடு என்று அது காட்டியது. மென்பொருளை உருவாக்கிய நிறுவனமோ, ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்கிறார்கள், ஆகவே அது நடுநிலையானது என்று பதிலளித்தது. இரண்டு தரப்பின் கணக்கும் சரிதான். இரு பிரிவினரிலும் மீண்டும் குற்றம் செய்வோரின் அடிப்படை விகிதம் வேறுபட்டிருக்கும்போது, முழுமையாகச் சரியாகக் கணிக்கும் மாடலாக இருந்தாலன்றி, இந்த இரண்டு வகை நியாயத்தையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று அதன்பின் ஆய்வாளர்கள் கணிதமுறையில் நிறுவினார்கள். எந்த நியாயத்தைக் கைக்கொள்வது என்பதற்கு அல்காரிதம் கிடையாது. அறவியல் என்ற துறை தொடங்குவது அந்த இடத்தில்தான். உங்கள் அலுவலகத்தில் அந்த விவாதம் இன்னும் தொடங்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காக்கையும் பனம்பழமும், ஈர விறகும்

அறவியலை விட்டுவிட்டு அன்றாட வேலைக்கு வருவோம். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த ஓர் இடத்தில், நள்ளிரவில் சில வாடிக்கையாளர்களிடம் ஒரே கட்டணம் இருமுறை பிடிக்கப்பட்டது. சர்வரை மறுதொடக்கம் செய்தோம், நின்றுவிட்டது. மூலக் காரண அறிக்கையில், நினைவகக் கசிவு, மறுதொடக்கத்தால் சரிசெய்யப்பட்டது என்று நானே எழுதிக் கையொப்பமிட்டேன். மூன்று மாதம் கழித்து அதே பிரச்சினை பன்மடங்காகத் திரும்பி வந்தது. உண்மையில், அன்றிரவு வங்கித் தரப்பின் தாமதம் தானாகவே தீர்ந்த நேரமும் நாங்கள் மறுதொடக்கம் செய்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிமார் சொல்வதும், காகதாலீய நியாயம் என்று வடமொழித் தர்க்க நூலார் சொல்வதும் இதைத்தான். அந்தச் சொலவடையைச் சிறுவயதிலிருந்தே அறிந்த நான், அதை என் அறிக்கைக்குப் பொருத்திப் பார்க்கப் பழகியிருக்கவில்லை. அந்த அறிக்கையை நம்பிப் பணத்தை இழந்தவர்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபினர், கண்டதைக் கொண்டு காணாததை அறியும் ஊகத்துக்கு எப்போதும் தரும் எடுத்துக்காட்டு மலைமேல் தெரியும் புகை. புகை இருந்தால் நெருப்பு இருக்கும். இதைத் திருப்பி, நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை இருக்கும் என்று சொன்னால் என்ன? அடுப்படியில் இருந்து பார்த்தவருக்கு அது உண்மையாகவே தோன்றும். ஆனால் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. அடுப்பில் புகை வந்ததற்கு விறகின் ஈரம் காரணம். அந்த ஈரம் சொல்லப்படாமல் மறைந்திருந்தது. இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். “என் கணினியில் ஓடுகிறதே” என்று நாம் சொல்லும்போதெல்லாம் நம் பின்னால் ஓர் ஈர விறகு கிடக்கிறது.

1996 ஜூன் 4-ஆம் நாள் ஏவப்பட்ட ஏரியன் 5 ராக்கெட்டின் கதை இதற்கு மிகப் பொருத்தமானது. அதன் திசையறி அமைப்பின் மென்பொருள் ஏரியன் 4-இலிருந்து அப்படியே எடுத்தாளப்பட்டது. பழைய ராக்கெட்டில் பல முறை பிழையின்றி ஓடியது என்பது அதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. 64 பிட் எண் ஒன்றை, அதைவிடக் குறைந்த இடமே கொண்ட 16 பிட் முழு எண்ணாக மாற்றும் ஓர் இடத்தில், மதிப்பு அளவுக்கு மீறினால் என்ன செய்வது என்ற பாதுகாப்பு வைக்கப்படவில்லை. பழைய ராக்கெட்டின் கிடைத்திசை வேகத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. புதிய ராக்கெட் தொடக்கத்திலேயே கூடுதல் வேகம் எடுத்தது. எண் கொள்ளாமல் போனது. ஏவிய 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. நிரலை வரிவரியாகப் படித்திருந்தால் மட்டும் இந்தப் பிழை தெரிந்திருக்காது, ஏனென்றால் ஏரியன் 4-க்கு அது பிழையே அன்று. “இது எந்த நிபந்தனையின்கீழ் உண்மையாக இருந்தது, அந்த நிபந்தனை இங்கும் இருக்கிறதா?” என்று கேட்பவர் ஒருவர் வேண்டியிருந்தது. பிறர் எழுதிய நிரலைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அமரும்போது இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; படித்ததன் பயன் அந்த வாரத்திலேயே தெரியும்.

உங்கள் நண்பர்கள் சொல்வதுபோலத் தத்துவமும் மென்பொருளும் தொடர்பற்ற துறைகள் அல்ல. ரிலே என்ற மின்சுவிட்சுச் சுற்றுகளுக்கு உண்மை, பொய் என்ற இருநிலை இயற்கணிதத்தைப் பொருத்தி, எண்ணியல் மின்சுற்றுக்கு அடிப்படை இட்ட கிளாட் ஷானன், அந்த இயற்கணிதத்தின் மூலமான ஜார்ஜ் பூலின் தர்க்கத்தை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எடுத்த ஒரு தத்துவப் பாடத்தில்தான் முதலில் சந்தித்தார். காலம் சார்ந்த கூற்றுகளுக்கு ஆர்தர் பிரையர் என்ற நியூசிலாந்துத் தத்துவ அறிஞர் 1950-களில் அமைத்த தர்க்கத்தை, 1977-இல் கணினி அறிஞர் அமீர் ப்னூவெலி நிரல்களைச் சரிபார்க்க எடுத்தாண்டார். அந்தப் பணிக்காக 1996-இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதும் பெற்றார். இடைவிடாமல் ஓடும் மென்பொருளில், “கேட்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் எப்போதாவது பதில் கிடைத்தே தீரும்” என்பதைத் துல்லியமாக எழுதிச் சோதிக்க இன்று அந்தத் தர்க்கம் பயன்படுகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய உங்கள் கணக்கு

இனி, நீங்கள் சொன்ன காரணங்களில் எனக்கு உடன்பாடில்லாதவற்றைச் சொல்ல வேண்டும். நிரல் எழுதும் வேலை குறைந்து சிந்திப்பவருக்கே வேலை மிஞ்சும் என்கிறீர்கள். தத்துவப் பட்டம் பெற்றவர்களுக்கு இங்கே மென்பொருள் நிறுவனங்கள் தனிப் பதவி வைத்துக் காத்திருக்கவில்லை. அந்த நம்பிக்கையில் மட்டும் ராஜினாமாக் கடிதம் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பாதி சரி. முன்பு நிரலை நாம் எழுதினோம். இப்போது இயந்திரம் எழுதியதை நாம் ஏற்கிறோம் அல்லது மறுக்கிறோம். பிறர் வாய்ச்சொல்லை எப்போது அறிவாகக் கொள்ளலாம் என்பது நம் மரபில் மிகப் பழைய கேள்வி. நேரில் காணும் காட்சி, ஊகித்தறியும் கருதல் ஆகியவற்றோடு பிறர் சொல்லான உரையையும் ஓர் அளவையாக, அதாவது அறியும் வழியாக, ஏற்றவர்கள், சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள்: பொருளை அறிந்தவராகவும், அறிந்ததை உள்ளபடி சொல்பவராகவும். தன்னம்பிக்கையோடு பேசுவது நம்பத்தக்கதன்மை ஆகாது.

இயந்திரத்தின் சொல்லை ஆராயாமல் ஏற்பதன் விலை என்ன என்பதற்குப் பிரிட்டன் அஞ்சலகங்களின் வழக்கு இருக்கிறது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் பற்றாக்குறை காட்டியதன் பேரில், 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாக இயங்கியது என்றே தொடக்கத்தில் கொள்ளும் சட்ட அனுமானம் அங்கே இருந்தது. தவறு என்று நிறுவும் சுமை, மென்பொருளின் உள்ளே பார்க்கவே முடியாதவர்கள் தலையில் விழுந்தது. தங்களைத் தவிர வேறு எவருக்கும் இந்தச் சிக்கல் இல்லை என்று பலரிடம் சொல்லப்பட்டது. 2019-இல் உயர்நீதிமன்றம் மென்பொருளில் பிழைகள் இருந்ததை உறுதிசெய்தது. 2024-இல் தனிச் சட்டம் இயற்றித் தண்டனைகளை நீக்கினார்கள். இடையில் சிறைசென்றவர்களும் வீடிழந்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. உங்கள் பின்கோடு விவகாரத்தைச் சிறியதாக நினைக்காதீர்கள் என்பதற்காகவே இதை இங்கு எழுதுகிறேன்.

தொழில்முனைவோர் பற்றிய உங்கள் வாதத்துக்கு ஒரு வரி போதும். அலுவலகச் செய்திச் செயலியான ஸ்லாக்கைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும், வேலைத் தொடர்புத் தளமான லிங்க்ட்இன்னைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ரீட் ஹாஃப்மனும் தத்துவம் படித்தவர்கள் என்பது உண்மை. ஆனால் தத்துவம் படித்துவிட்டு நிறுவனம் தொடங்கி மூடியவர்களை யாரும் பட்டியலிடுவதில்லை. பட்டம் இருந்தால்தான் பேச்சு எடுபடும் என்பதும் அப்படியே: அந்தக் கூட்டத்தில் உங்களிடம் இல்லாமற்போனது கேள்வி, சான்றிதழ் அல்ல.

ராஜினாமா செய்வதற்கு முன்

நீங்கள் தப்பித்து ஓடுகிறீர்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு சோதனை சொல்கிறேன். பின்கோடு விவகாரம் நாளையே நல்லபடியாகத் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இரவில் அந்த நூல்களைத் திறப்பீர்களா? ஆம் என்றால், படிப்பின்மீது உங்களுக்கு உண்மையான விருப்பம் இருக்கிறது. திறக்க மாட்டேன் என்றால், உங்களுக்குத் தேவைப்படுவது வேறு நிறுவனமாகவோ கொஞ்சம் ஓய்வாகவோ இருக்கலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எப்படியிருந்தாலும் இப்போதே வேலையை விடுவதை நான் பரிந்துரைக்கவில்லை. தொடர்ந்து ஐந்து ஆண்டு பணி முடித்த நிரந்தர ஊழியருக்கே பணிக்கொடை உரிமை உறுதியாக உண்டு. உங்களுக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதைவிட முக்கியம், உங்கள் தாயார் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் இருக்கிறார். நீங்கள் விலகினால் அந்தப் பாதுகாப்பும் விலகும். புதிதாக எடுக்கும் தனிக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் விதிக்க அனுமதி உண்டு. குழுக் காப்பீட்டிலிருந்து தனிக் காப்பீட்டுக்கு மாறும் வசதி பற்றி இப்போதே கேட்டு வையுங்கள். 41 ஆயிரம் தவணையை ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் இரண்டு ஆண்டு கட்டச் சொல்வது அவர்மீது சுமத்தும் பெரும் பாரம். அவர் “எதிர்க்கவில்லை, ஆனால் யார் கட்டுவது?” என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கேள்விக்குக் கடிதத்தில் நீங்கள் பதில் எழுதவில்லை. முதலில் அவருடன் அமர்ந்து, தாளில் கணக்குப் போடுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே படிக்க வழி உண்டு. எந்த இளநிலைப் பட்டம் பெற்றவரும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் சேரலாம், குறைந்தது இரண்டு ஆண்டுப் படிப்பு. ஜனவரியிலும் ஜூலையிலும் சேர்க்கை நடக்கும். முழுநேரப் படிப்பே வேண்டுமென்று பின்னாளில் முடிவுசெய்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராதாகிருஷ்ணன் பெயரிலான தத்துவ உயராய்வு நிறுவனம் இருக்கிறது. பட்டம் வேண்டாம், பயிற்சி போதும் என்றால் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் தர்க்கம், அறவியல் பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். எதில் சேர்ந்தாலும் தர்க்கத்திலும், எதை அறிவு எனக் கொள்ளலாம் என்று ஆராயும் அறிவாராய்ச்சியிலும் தொடங்குங்கள், பிறகு அறவியல். பரம்பொருள் பற்றிய பெரிய வினாக்கள் காத்திருக்கும். அவற்றில் முதலில் இறங்கியவர்கள் பலர் சொற்களில் சிக்கிப் படிப்பையே விட்டுவிடுவதைக் கண்டிருக்கிறேன். படிப்பது மட்டும் போதாது. வாரம் ஒரு முறை, அலுவலகத்தில் கேட்ட ஒரு வாதத்தை எடுத்து, அதன் முடிவு என்ன, அதற்குத் தரப்பட்ட காரணம் என்ன, சொல்லப்படாத நிபந்தனை என்ன என்று அரைப்பக்கம் எழுதிப் பாருங்கள்.

பின்கோடு விவகாரத்தை மீண்டும் எழுப்புதல்

மேலாளரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள், அவரும் தன்னிடம் இருந்த சொற்களை வைத்துத்தான் பேசியிருக்கிறார். இந்த முறை வாய்மொழியாக அன்றி, ஒரு பக்கக் குறிப்பாக அனுப்புங்கள். நீங்கள் கண்டது எது, அதிலிருந்து ஊகித்தது எது என்று பிரித்து எழுதுங்கள். “இது அநியாயம்” என்று தொடங்க வேண்டாம். பின்கோட்டை நீக்கினால் துல்லியம் எவ்வளவு குறைகிறது என்று ஒரு சோதனையும், நிராகரிக்கப்படும் விளிம்பில் இருப்பவர்களில் சிலருக்குச் சிறிய கடன் கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனையும் முன்மொழியுங்கள். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குத் தனிநபர் தரவு பயன்படும்போது அது முழுமையாகவும் துல்லியமாகவும் இருப்பதை உறுதிசெய்யும் கடமையை 2023-ஆம் ஆண்டின் எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதிக்கிறது. அச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால், சட்ட விதிகள் பின்பற்றப்படுவதைக் கவனிக்கும் உங்கள் இணக்கப் பிரிவினருக்கும் இதில் அக்கறை இருக்கும். ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை: ஆதாரம் சேர்க்கிறேன் என்று விண்ணப்பதாரர் தரவையோ நிரலையோ சொந்த மடிக்கணினிக்கோ மின்னஞ்சலுக்கோ கொண்டுசெல்லாதீர்கள். உங்கள் நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பணி ஒப்பந்தத்தை மீறிய செயலாகி உங்களையே குற்றவாளியாக்கும். எழுத்தில் எழுப்பியும் பதிலில்லை என்றால், அல்லது அதற்காக உங்கள் அப்ரைசலில் கைவைத்தால், அடுத்த அடி எடுப்பதற்கு முன் தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் தாயார். தத்துவம் என்ற சொல் தமிழ்நாட்டில் காவியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவரைக் குறைசொல்ல முடியாது. இலங்கைத் தமிழர் பல்கலைக்கழகங்களில் அதை மெய்யியல் என்பார்கள். அங்கே உயர்தர வகுப்பு மாணவர்கள் அளவையியலை, அதாவது தர்க்கத்தை, தேர்வுக்குரிய பாடமாகப் படிக்கிறார்கள், துறவியாக அல்ல. நம் மணிமேகலையிலேயே, அறவண அடிகள் அவளுக்குத் தருமம் உரைக்கும் காதையில், ஓர் ஊகம் எப்படி அமைய வேண்டும், பக்கப்போலி (கூற்றில் பிழை), ஏதுப்போலி (காரணத்தில் பிழை), திட்டாந்தப்போலி (எடுத்துக்காட்டில் பிழை) என்று அது எங்கெல்லாம் பிழைபடும் என்பதே விரிவாக வருகிறது. அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வேலையை விடவில்லை என்றும், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூடத்து மேசையில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன் என்றும் சொல்லுங்கள். மகளும் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதட்டும். ஐந்தாம் ஆண்டு முடிந்ததும், அந்த ஒரு பக்கக் குறிப்புக்கு என்ன பதில் வந்தது என்பதையும் சேர்த்து எனக்கு மீண்டும் எழுதுங்கள். முழுநேரப் படிப்பு பற்றி அப்போது பேசுவோம்.